எப்படி என்பது மட்டும் தெரிந்த முகவர்

போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த என் தங்கை மகன், மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து, "மாமா, இதில் உங்கள் தொழில்காரர் ஒருவர் வருகிறார், பாருங்கள்" என்றான். பேய், பூதம், பறக்கும் தட்டு என்று ஓடும் அமெரிக்கத் தொடரில் ஆயுள் காப்பீட்டு முகவருக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தபோது காபி ஆறிப்போயிருந்தது. அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் இதுவரை நான்கு முறை பார்த்துவிட்டேன். மற்றவற்றில் பத்துப் பன்னிரண்டு பார்த்தேன்; பாதியில் தூங்கியதும் உண்டு.

தொடரின் பெயர் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்'. கிறிஸ் கார்ட்டர் உருவாக்கியது. 1993 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2002 வரை ஒன்பது பருவங்கள் ஓடியது. 2016இலும் 2018இலும் மீண்டும் வந்து, மொத்தம் 218 அத்தியாயங்களோடு நின்றது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் விளக்கம் கிடைக்காத வழக்குகளைத் துப்பறியும் இருவர்தான் நாயகர்கள். மல்டர் எதையும் நம்பத் தயாராக இருப்பவன். ஸ்கல்லி மருத்துவம் படித்தவள்; ஆதாரம் கேட்பவள். நான் சொல்லும் அத்தியாயம் மூன்றாம் பருவத்தில் நான்காவதாக வருவது. 'கிளைட் பிரக்மேன்ஸ் ஃபைனல் ரிபோஸ்' என்று பெயர். கிளைட் பிரக்மேனின் இறுதி உறக்கம் என்று தமிழில் சொல்லலாம். 1995 அக்டோபர் 13 அன்று ஒளிபரப்பானது. அன்று வெள்ளிக்கிழமை. பதின்மூன்றாம் தேதி வெள்ளியில் வந்தால் ஆகாது என்பது மேற்கத்தியர்களின் ராகுகாலம். கதையின் முடிவுவரை இங்கே பேசப்போகிறேன். முதலில் பார்த்துவிட்டு வர விரும்புகிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

'தனிக்கதை அத்தியாயம்' என்பதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். இரவுக்கு ஒரு கதை: ஒருநாள் துகிலுரிதல், ஒருநாள் அர்ச்சுனன் தபசு, ஒருநாள் கர்ண மோட்சம். முழு பாரதமும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கர்ண மோட்சத்துக்கு மட்டும் வந்து, விடியவிடிய உட்கார்ந்து, அழுதுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முந்தைய இரவில் என்ன நடந்தது என்று யாரும் கதைச்சுருக்கம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்-ஃபைல்ஸும் இப்படித்தான் இரண்டு தடங்களில் ஓடியது. வேற்றுக்கிரகவாசிகள், அரசாங்கச் சதி, மல்டரின் காணாமல்போன தங்கை என்று வருடக்கணக்கில் நீண்ட பெருங்கதை ஒன்று. அதற்கு நடுவே, வந்த வாரத்திலேயே தொடங்கி முடியும் தனிக்கதைகள். ரசிகர்கள் இவற்றை 'வாரம் ஒரு பூதம்' என்று அழைத்தார்கள். அத்தியாயங்களில் பெரும்பான்மை இவைதான்.

நம் தொலைக்காட்சிக்கு இந்த வடிவம் அவ்வளவாகப் பழகவில்லை. தொண்ணூறுகளில் நாங்கள் சன் டிவியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த 'மர்ம தேசம்' கூட ஒரே மர்மத்தை மாதக்கணக்கில் இழுத்துக் கடைசியில் முடிச்சை அவிழ்த்தது. அதில் ஒரு சுகம் உண்டு. ஒரு தொல்லையும் உண்டு. பெருங்கதை தான் கொடுத்த வாக்கை என்றாவது ஒருநாள் காப்பாற்றியாக வேண்டும். எக்ஸ்-ஃபைல்ஸின் சதிக்கதை அதைக் காப்பாற்றவில்லை என்பது என் கருத்து. முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டுப் போட்டு, கடைசியில் போட்டவர்களுக்கே நுனி எங்கே என்று தெரியாமல் போய்விட்டது. தனிக்கதைக்கு அந்தக் கடன் கிடையாது. அன்றைக்கு எடுத்த பொருளை அன்றைக்கே சொல்லி முடித்துவிடலாம்.

இனி கதைக்கு வருகிறேன். மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு நகரம். குறி சொல்கிறவர்களை ஒருவன் தேடித்தேடிக் கொல்கிறான். அதே ஊரில் கிளைட் பிரக்மேன் என்ற வயதான காப்பீட்டு முகவர் தனியாக வாழ்கிறார். தளர்ந்த முகம், சலித்த குரல், குடியிருப்பில் வேறு யாரிடமும் ஒட்டு இல்லை. அவருக்கு ஒரு சக்தி: எந்த மனிதரையும் பார்த்த மாத்திரத்தில் அவர் எப்படிச் சாவார் என்பது தெரிந்துவிடும். வேறு ஒன்றும் தெரியாது. நாளைக்கு மழையா வெயிலா என்று கேட்டால் விழிப்பார். குப்பை போடப் போன இடத்தில் பிணம் ஒன்று கிடைக்க, போலீஸார் மூலம் மல்டர், ஸ்கல்லி பார்வைக்கு வருகிறார்.

நம்புகிறவன் மல்டர், அவன் பரவசமாகிவிடுகிறான். பிரக்மேனுக்கோ இந்தச் சக்தி ஒரு பழைய மூட்டுவலியைப் போல. அதை வைத்து யாரையும் காப்பாற்றலாம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. பிரக்மேனாக வரும் பீட்டர் பாயில் இந்தச் சலிப்பை நடித்த விதத்துக்கு 1996இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது கிடைத்தது. அதே அத்தியாயத்தின் எழுத்துக்காக டாரின் மார்கனுக்கும் கிடைத்தது. இந்த மார்கன் முந்தைய பருவத்தில் ஒரு தனிக்கதையில் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு சாக்கடையில் வாழும் புழுமனிதனாக நடித்தவர். பூதத்தின் தோலுக்குள் இருந்து பார்த்தவர் எழுதியதால்தானோ என்னவோ, அவர் கதைகளில் பூதங்களைவிட மனிதர்கள் விநோதமாக இருக்கிறார்கள்.

பெயர்களிலும் அவர் விளையாடியிருக்கிறார். கிளைட் பிரக்மேன் என்று உண்மையிலேயே ஒருவர் இருந்தார். மௌனப்பட நகைச்சுவை மேதை பஸ்டர் கீட்டனோடு வேலை செய்தவர். 1926இல் வந்த 'தி ஜெனரல்' படத்தை அவரோடு சேர்ந்து இயக்கியவர். பின்னாளில் வாய்ப்பில்லாமல் நொடிந்து, 1955இல் தற்கொலை செய்துகொண்டார். அத்தியாயத்தில் வரும் போலீஸ்காரர்கள் கிளைன், ஹாவேஸ் ஆகியோரின் பெயர்களும் கீட்டன் குழுவினருடையவை. சிரிக்க வைத்தே பிழைத்து, சிரிப்பே மிஞ்சாமல் போனவரின் பெயரை எடுத்து இந்த முகவருக்கு வைத்திருக்கிறார் என்று தெரிந்தபின் இரண்டாம் முறை பார்த்தேன். முதல் முறை சிரித்த இடங்களில் அவ்வளவாகச் சிரிக்க முடியவில்லை.

குறிகாரர்களைப் பற்றி இந்த அத்தியாயம் சொல்வது நமக்கு மிகவும் பழக்கமானது. கொலைகாரனைக் கண்டுபிடிக்கப் போலீஸார் யாப்பி என்ற தொலைக்காட்சி ஜோதிடரை அழைக்கிறார்கள். ஆள் வருகிற தோரணையே தனி. புருவத்தை நெரித்து, கையை ஆட்டி, கொலைகாரன் இளைஞன் என்கிறார். தாடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பச்சை குத்தியிருக்கவும் கூடும். போலீஸார் அதைக் கவனமாகக் குறித்துக்கொள்கிறார்கள். எதையும் நம்பும் மல்டர் இவரை மட்டும் நம்பவில்லை. அவரும் மல்டரின் எதிர்மறைச் சக்தி தன்னைத் தடுக்கிறது என்று வெளியே அனுப்பிவிடுகிறார்.

விடியற்காலையில் எங்கள் தெருவில் குடுகுடுப்பைக்காரர் வந்தால், எந்த வாசலிலும் கெட்ட காலம் பிறந்ததில்லை. "இந்த வீட்டில் ஒரு மனக்குறை இருக்கிறது, ஆனால் அது தீரும்." மனக்குறை இல்லாத வீடு ஏது? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கு ஒரு குணச்சித்திரம் எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான், எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்று சொன்னார்; ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய வரிகள். யாப்பியின் தொழில் ரகசியம் அந்த ஒரே தாள்தான். அவர் சொன்னது எதுவும் பொய்யாகாது, ஏனென்றால் அவர் எதையும் சொல்லவே இல்லை.

பிரக்மேனின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. அவர் சொல்வதில் இடம், வண்டி, நிறம் எல்லாம் இருக்கும். அதனால் யாரும் நம்புவதில்லை.

ஆனால் இந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று, இவரை ஏன் காப்பீட்டு முகவராக்கினார்கள் என்பது. வெட்டியான் ஆக்கியிருக்கலாம், டாக்டர் ஆக்கியிருக்கலாம். நகைச்சுவைக்காக என்று பலர் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கதையின் அச்சாணி இருப்பதாகப் படுகிறது. அதற்குக் காப்பீடு எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

1693இல் எட்மண்ட் ஹாலி ஒரு அட்டவணை வெளியிட்டார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். பிரெஸ்லாவ் என்ற நகரத்தின், இன்றைய போலந்தில் இருக்கும் ஊர், பிறப்பு இறப்புப் பதிவேடுகளை எடுத்து, எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று கணக்கிட்டார். அதை வைத்து ஆயுள் சம்பந்தப்பட்ட தொகைகளுக்கு என்ன விலை வைப்பது என்று காட்டினார். இன்று நம் நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் இறப்பு அட்டவணைகள் அதன் கொள்ளுப் பேரப் பிள்ளைகள். ஒரு கணக்குக்காக, குறிப்பிட்ட வயதில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு இரண்டு பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு. இரண்டு குடும்பங்களுக்குக் கொடுக்க இரண்டு லட்சம் வேண்டும். ஆயிரம் பேரும் ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் தீர்ந்தது. நிர்வாகச் செலவு, வட்டி எல்லாம் அதற்கு மேல் வருகிற வேலை; அடித்தளம் இவ்வளவுதான். நிறுவனத்துக்கு 'எத்தனை பேர்' என்பது ஏறக்குறையத் தெரியும். 'யார்' என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

தெரியக் கூடாது என்பதே சரி. அந்த ஆயிரம் பேரில் யார் அந்த இருவர் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், மற்ற 998 பேர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? அந்த இருவருக்கு எந்த நிறுவனம் பாலிசி கொடுக்கும்? எல்லாரும் ஒரே இருட்டில் நிற்பதால்தான் ஒருவர் கையை மற்றவர் பிடித்துக்கொள்கிறோம். பணம் கட்டுகிறவருக்கு மட்டும் ஏதாவது தெரிந்து, நிறுவனத்துக்குத் தெரியாமல் போனாலும் கணக்கு கெட்டுவிடும். நோயாளிகள் மட்டும் வரிசையில் நிற்பார்கள். அதனால்தான் ப்ரப்போசல் படிவத்தில், அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்தில், அத்தனை கேள்விகள். அதனால்தான் முகவரும் ரகசிய அறிக்கை ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும்: இவரை எத்தனை காலமாகத் தெரியும், உடல்நிலை எப்படி, பழக்கவழக்கம் என்ன.

பிரக்மேனின் மேசையில் அந்த அறிக்கைத் தாளை வைத்துப் பாருங்கள். எனக்கு அதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. உண்மையை எழுதினால் ஒரு ப்ரப்போசலும் தேறாது. எழுதாவிட்டால் நிறுவனத்துக்குத் துரோகம். உலகத்திலேயே காப்பீடு விற்கத் தகுதியில்லாத ஒரே மனிதர் அவர்தான். அவருக்குக் கிடைத்த வேலை அதுதான்.

ஹாலியைப் பற்றி இன்னொன்று. தன் வால்நட்சத்திரம் 1758இல் திரும்பும் என்று அவர் கணித்தார். சொன்னபடி வந்தது. பார்க்க அவர் இல்லை. பதினாறு வருடம் முன்பே போய்விட்டார்.

பிரக்மேனுக்கு இந்தச் சக்தி வந்த கதையை அவரே மல்டரிடம் சொல்லும் காட்சி ஒன்று இருக்கிறது. 1959 பிப்ரவரி 3 அன்று அயோவா மாநிலத்தில் ஒரு சிறு விமானம் விழுந்து, ராக் அண்ட் ரோல் பாடகர்கள் படி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், பிக் பாப்பர் எனப்பட்ட ஜே.பி. ரிச்சர்ட்சன் ஆகியோர் விமானியோடு இறந்தார்கள். (இந்த ஹாலி வேறு.) பிரக்மேன் பிக் பாப்பரின் ரசிகர். நாணயம் சுண்டிப் போட்டுத்தான் பிக் பாப்பருக்கு அந்த இருக்கை கிடைத்தது என்று கேள்விப்பட்டாராம். அந்த நாணயம் அந்தப் பக்கம் விழ, அந்த மனிதர் அந்த இரவில் அங்கே இருக்க, எத்தனை பேர் வாழ்க்கையில் எத்தனை விஷயங்கள் நடந்திருக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தார். யோசித்து யோசித்து அதிலேயே மூழ்கி, எல்லார் சாவும் கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

நடந்த சம்பவத்தோடு ஒப்பிட்டால் கதை கொஞ்சம் விலகுகிறது. நாணயம் சுண்டியது ரிச்சி வாலன்ஸும் கிட்டார் கலைஞர் டாமி ஆல்சப்பும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. பிக் பாப்பருக்குக் காய்ச்சல். வேலன் ஜென்னிங்ஸ் தன் இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். மார்கன் இதைத் தெரிந்தே மாற்றினாரா என்பது முக்கியமில்லை. ஊர்வாயில் புழங்கும் கதை எப்போதும் நாணயத்தைத்தான் விரும்பும். காய்ச்சல் அதற்குப் பிடிக்காது. எங்கள் பக்கமும் விபத்து நடந்த மறுநாள் டீக்கடையில் கேட்டால், "அவன் அந்த பஸ்ஸில் போக வேண்டியவனே இல்லை" என்ற வாக்கியம் கட்டாயம் வரும். யாராவது ஒருவர் கடைசி நிமிடத்தில் ஏறியிருப்பார். யாராவது ஒருவர் இறங்கியிருப்பார்.

தொப்பூர் கணவாயைத் தெரியாதவர்கள் எங்கள் மாவட்டத்தில் இல்லை. பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் இறங்கும் தேசிய நெடுஞ்சாலையில் அந்தச் சரிவு. பாரம் ஏற்றிய லாரி, டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டு இறங்கினால் எஞ்சினின் பிடி போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடாகி வேலை செய்யாது. முன்னால் போகிற வண்டிகள் எத்தனையோ அத்தனையும் அதன் பாதையில். அங்கே விபத்து எப்படி நடக்கும் என்பதை நெடுஞ்சாலைக்காரர்கள் பலகை எழுதியே வைத்திருக்கிறார்கள்: தாழ்ந்த கியரில் செல்லவும். எப்படி, எங்கே என்று ஊருக்கே தெரியும். யார் என்பதுதான் தெரியாது. அந்த வளைவில் நானும் மாதம் இரண்டு முறையாவது போய்வந்திருக்கிறேன். பிரக்மேனுடையது அமானுஷ்யம், பலகையில் எழுதியிருப்பது பௌதிகம். ஆனால் இரண்டையும் படித்துவிட்டு அதே வேகத்தில் போகிறவர்கள் ஒரே ஆட்கள்தான்.

'எப்படி' என்ற கேள்வியில் எங்கள் மண்ணுக்குப் பழைய மோகம் ஒன்று உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் இன்னும் நிற்பவை பல. வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கலிட்டுக் கும்பிடுகிறார்கள். அந்தக் கற்களில் இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், இன்னாரின் சேவகன், பகைவர் கவர்ந்த மாட்டு மந்தையை மீட்டுப் 'பட்டான்', அதாவது இறந்தான், என்று எழுதியிருக்கும். தொறு மீட்டுப் பட்டான் கல். புலியோடு பொருதி இறந்தவனுக்குப் பக்கத்தில் புலியே செதுக்கியிருக்கும். அவன் எத்தனை வயது வாழ்ந்தான், நல்லவனா, என்ன சாப்பிட்டான் என்று ஒரு வரி இல்லை. எப்படிப் பட்டான் என்பது மட்டும்தான் கல்லில். பிரக்மேன் அந்தச் சிற்பியைப் போன்றவர். ஒரே வித்தியாசம், ஆள் உயிரோடு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே இவர் கண்ணுக்குக் கல் தெரிந்துவிடுகிறது.

விதியா, மதியா என்ற வழக்கை அத்தியாயம் ஒரு ஹோட்டல் சமையலறையில் வைத்து விசாரிக்கிறது. கொலைகாரனும் தன்னிடம் எதிர்காலம் பார்க்கும் சக்தி இருப்பதாக நினைப்பவன். மல்டர் ஒரு க்ரீம் பதார்த்தத்தின் மேல் கால் வைக்க, பின்னாலிருந்து தான் அவன் கழுத்தை அறுப்பதாக அவனுக்குக் காட்சி. அதை மல்டரிடம் சொல்லும் பிரக்மேன், காலடியில் இருப்பது தேங்காய் க்ரீமா, வாழைப்பழ க்ரீமா என்பதில் மாட்டிக்கொண்டு, கத்தி வருவதைச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறார். பிறகு அந்த நேரம் வருகிறது. சமையலறை இருக்கிறது, பதார்த்தம் இருக்கிறது, மல்டரின் கால் சரியாக அதன் மேல் விழுகிறது, கத்தியும் வருகிறது. ஆனால் ஸ்கல்லி தவறுதலாகப் பணியாளர் லிப்ட்டில் ஏறியதால் அங்கே வந்து இறங்கிக் கொலைகாரனைச் சுட்டுவிடுகிறாள்.

புறநானூற்றுக் கணியன் பூங்குன்றனார் ஆற்றோடு போகும் புணையை உவமையாக்கி, உயிரும் முறைப்படியே போகும் என்றார். கணியன் என்றால் கணிப்பவன் என்று பொருள் சொல்வார்கள். காப்பீட்டுக் கணக்காளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறியவர்களுக்கு அந்த உவமை உடம்பில் தெரியும். சுழலில் பரிசல் தன் இஷ்டத்துக்குச் சுற்றும். நம் வயிறும் கூடவே சுற்றும். ஆனால் பரிசல்காரர் கையில் ஒரு துடுப்பு இருக்கிறது. அவர் ஆற்றை மாற்றுவதில்லை. பாறையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போகிறார். அத்தியாயம் ஸ்கல்லிக்குக் கொடுத்தது துடுப்பு கூட இல்லை, தவறான லிப்ட். இங்கே மார்கனோடு எனக்குச் சின்ன மனக்குறை உண்டு. தெரிந்து மாற்றியதா, தற்செயலா என்று பார்வையாளர் தவிக்கட்டும் என்று விட்டிருக்கிறார். புத்திசாலித்தனம்தான். ஆனால் அவசரத்துக்கு எடுத்த முடிவு போலவும் இருக்கிறது.

கொலைகாரனின் பாத்திரமும் மெலிந்தது. அவனுக்குப் பெயர்கூட இல்லை. தான் ஏன் கொல்கிறோம் என்று அவனுக்கே புரியவில்லை. அதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு குறிகாரரிடமும் போகிறான். கடைசியில் பிரக்மேனிடம் கேட்கிறான். அவர் அலட்டிக்கொள்ளாமல், நீ ஒரு கொலைவெறியன், அதனால் கொல்கிறாய் என்கிறார். அவனும் அது நிறைய விஷயங்களை விளக்குகிறது என்று ஒப்புக்கொள்கிறான். அந்த ஒரு உரையாடலுக்காக மற்றக் குறைகளை மன்னித்துவிடலாம். யாப்பியை இன்னும் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதையும் நம்பாத ஸ்கல்லி, சீட்டாடிக்கொண்டிருக்கும் ஓர் இரவில், சரி, நான் எப்படிச் சாவேன் என்று பிரக்மேனைக் கேட்கிறாள். அவர் சொல்லும் பதில் இரண்டே சொற்கள்: நீ சாகமாட்டாய். இந்தப் பதிலை வைத்து ஸ்கல்லி சிரஞ்சீவி என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் வாதாடினார்கள். தொழில் காது கொண்டு கேட்டதில் எனக்கு வேறு மாதிரி பட்டது. அந்த மனிதர் தன் வாழ்நாளில் எல்லாரிடமும் உள்ளதைச் சொல்லிச் சொல்லித் தோற்றவர். தனக்குப் பிடித்த ஒருத்தியிடம் மட்டும் வாயை அடக்கிக்கொண்டார். அதியமான், தின்றால் சாவு தள்ளிப்போகும் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தபோது அதன் மகிமையைச் சொல்லாமல் மறைத்தான் என்பது எங்கள் தகடூரின், இன்றைய தருமபுரியின், முதல் பெருமை. தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதும் ஒரு கொடை என்று இந்த ஊர்க்காரனுக்குத் தோன்றாமல் இருக்குமா?

பிரக்மேன் தன் முடிவைத் தானே தேடிக்கொள்கிறார். படுக்கையோரம் உட்கார்ந்து ஸ்கல்லி அவர் கையைப் பிடித்திருக்கிறாள். இருவரும் ஒரே படுக்கையில் இருக்கும் ஒரு காட்சியை அவர் முன்பே அவளிடம் சொல்லியிருந்தார், அவள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு முகம் சுளித்திருந்தாள். பிறகு வீட்டில் அவள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, யாப்பியின் தொலைபேசி ஜோதிட விளம்பரம் வருகிறது. போனை எடுத்துத் திரையின் மேல் வீசுகிறாள்.

நான் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது முதல் பாதியில் வரும் ஒரு சிறு காட்சியை. ஓர் இளைஞன். பாலிசி எடுக்கலாமா வேண்டாமா என்று இழுக்கிறான். எனக்குத் தெரிந்த முகம்தான். பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் இதே முகத்தின் எதிரே எத்தனையோ மாலைகள் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தொழிலில் சாவு என்ற சொல்லை உச்சரிக்கவே மாட்டோம். "ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால்" என்போம். உள்ளிருந்து அந்த வீட்டம்மா "நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது" என்பார். உடனே பேச்சை மகளின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, முதிர்வுத் தொகைக்குத் திருப்புவோம். பிரக்மேன் பொறுமை இழந்து உள்ளதைச் சொல்லிவிடுகிறார்: இரண்டு வருடம் கழித்து, மனைவியும் பெண்குழந்தையும் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில், குடித்துவிட்டு ஒருவன் ஓட்டிவரும் நீல நிற மஸ்டாங் கார் நேருக்கு நேர் மோதும். பார்வையாளர்கள் சிரிக்கும் இடம் அது. என் தங்கை மகனும் சிரித்தான்.

கையெழுத்து ஆகவில்லை. அவர் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு, மகளின் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, பேனாவை நீட்டியிருந்தால் கையெழுத்து ஆகியிருக்கும். அந்த இளைஞனுக்கு என்ன ஆயிற்று என்று அத்தியாயம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. "மாமா, அது வெறும் கதை" என்றான் தங்கை மகன். அவனுக்கு முப்பத்திரண்டு வயது, போன ஆவணியில் பெண்குழந்தை பிறந்தது, வாரா வாரம் பெங்களூரிலிருந்து பைக்கில் வருகிறான். ப்ரப்போசல் படிவம் ஒன்றை எடுத்துவர உள்ளே போனேன்.